கடை, கிடங்கு, வீடு: மூன்றுக்கும் ஒரே பதிவுக்கருவி போதுமா?

வாசகர் கடிதம் (சுருக்கம்): ஈரோட்டில் ஜவுளி மொத்த வியாபாரம் செய்து வருகிறேன். கடையில் 2017-இல் பொருத்திய 4 அனலாக் கேமராக்களும், அவற்றின் காட்சியைப் பதிவு செய்யும், 1 டிபி ஹார்டு டிஸ்க் கொண்ட ஒரு டிவிஆர் பெட்டியும் இருக்கின்றன. சென்ற மாதக் கடைசியில் இருப்பு எடுத்தபோது இரண்டு கட்டுப் புடவைகள் குறைந்திருந்தன. விசாரித்ததில், அவை 22 நாட்களுக்கு முன்பு போயிருக்கின்றன என்று தெரிந்தது. பெட்டியைப் பார்த்தால் திரையில் நேரலை ஓடுகிறது, ஆனால் ஐந்து மாதங்களாக எதுவும் பதிவாகவில்லை. முன்பு ஒருநாள் அந்தப் பெட்டி விடாமல் 'பீப்' என்று ஒலித்ததாகவும், பார்க்க வந்த எலக்ட்ரீஷியன் ஒலியை மட்டும் நிறுத்திவிட்டுப் போனதாகவும் கடைப் பையன் இப்போது சொல்கிறான். டீலர் பழைய கேமராக்களை எல்லாம் கழற்றிவிட்டு, கடை, அரை கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கிடங்கு, வீடு ஆகிய மூன்றுக்கும் சேர்த்து 16 கேமராக்களை ஏற்கும் (16 சேனல்) என்விஆர் என்ற பதிவுப் பெட்டி ஒன்றைக் கடையில் வைத்து, மற்ற இரண்டு இடங்களையும் இணையம் வழியாக இணைத்துவிடலாம் என்கிறார். கோயம்புத்தூரில் மென்பொருள் துறையில் வேலை செய்யும் என் மகன், வீட்டில் சும்மா கிடக்கும் பழைய கம்ப்யூட்டரில் ஒரு மென்பொருளை ஏற்றினாலே போதும் என்கிறான். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்:

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தில் இரண்டு குறைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன. முதல் குறை உங்களுக்கே தெரிந்தது. ஹார்டு டிஸ்க் கெட்டு ஐந்து மாதங்கள் ஆகியும் யாரும் அறியவில்லை. இரண்டாவது குறை அதன் பின்னால் மறைந்து நிற்கிறது. அந்த டிஸ்க் முழு நலத்தோடு இருந்திருந்தாலும், புடவைகள் போன நாளின் காட்சி உங்களுக்குக் கிடைத்திருக்காது. ஒரு கேமராவின் காட்சி நொடிக்கு 1 மெகாபிட் என்ற அளவில் பதிவானால், 24 மணி நேரத்தில் 10.8 ஜிபி சேரும். உங்கள் பழைய கேமராக்கள் ஒவ்வொன்றும் நொடிக்கு 2 மெகாபிட் அளவில் பதிவாகியிருந்தால், நான்குக்கும் சேர்த்து நாள் ஒன்றுக்கு 86.4 ஜிபி ஆகிறது. 1 டிபி டிஸ்க் பதினோரு நாட்களைத் தாண்டிச் சில மணி நேரத்திலேயே நிரம்பிவிடும். நிரம்பியதும் பெட்டி மிகப் பழைய காட்சியை அழித்து அதன் மேல் புதியதை எழுதும். நீங்கள் தேடியதோ 22 நாட்களுக்கு முந்தைய காட்சியை.

ஆகவே டீலரா மகனா என்ற கேள்வியைச் சற்றுத் தள்ளிவைத்துவிட்டு, வேறொரு கேள்வியிலிருந்து தொடங்க வேண்டுகிறேன். உங்கள் வியாபாரத்தில் ஒரு பொருள் காணாமற்போனால், அது போனது என்று உங்களுக்குத் தெரியவருவதற்கு அதிகபட்சம் எத்தனை நாட்கள் ஆகும்? நகைக்கடையில் அன்று இரவே தெரிந்துவிடும், ஏனென்றால் அங்கே தினமும் எடை போட்டு எண்ணி வைக்கிறார்கள். நீங்கள் மாதம் ஒருமுறை இருப்பு எடுக்கிறீர்கள். இருப்பு எடுத்த மறுநாளே ஒன்று போயிருந்தாலும் அது அடுத்த இருப்பின்போதுதான் தெரியும். அதன் பிறகு கணக்குச் சரிபார்த்து, ஆட்களை விசாரித்து, காட்சியைத் தேட உட்கார்வதற்குள் இன்னும் பத்து நாட்கள் ஓடிவிடும். எனவே கடைக்கும் கிடங்குக்கும் 45 நாட்களுக்குக் குறையாத பதிவு வேண்டும். வீட்டுக்கு இது தேவையில்லை. வீட்டில் நடந்தது அன்றோ, ஊருக்குப் போயிருந்தால் திரும்பி வந்த அன்றோ தெரிந்துவிடும் என்பதால் 15 நாட்கள் போதும். எந்தப் பெட்டி, எந்த மென்பொருள் என்பதெல்லாம் இந்த எண்களுக்குப் பிறகு வர வேண்டியவை. வாங்குவோரில் பெரும்பாலானோர் கேமராவின் மெகாபிக்சலைக் கேட்டுப் பேரம் பேசிவிட்டு, ஹார்டு டிஸ்க் எவ்வளவு என்பதைக் கடைசியில் டீலரின் விருப்பத்துக்கு விட்டுவிடுவதை இருபது ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். அது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

முதலில் கடையை எடுத்துக்கொள்வோம். பழைய கேமராக்களை எல்லாம் கழற்ற வேண்டும் என்ற டீலரின் யோசனை எனக்கு உடன்பாடில்லை. அவற்றின் முன்கண்ணாடி மஞ்சளடித்து மங்கிப் போகாமல், இரவிலும் படம் தெளிவாக இருந்தால், அலமாரிச் சந்துகளையும் மாடிப்படியையும் பார்க்க 2 மெகாபிக்சல் போதுமானது. அனலாக் கேமராக்களையும், கணினி வலையமைப்பில் இணையும் ஐபி கேமராக்களையும் ஒரே பெட்டியில் ஏற்கும் எக்ஸ்விஆர் என்ற வகை சந்தையில் தாராளமாகக் கிடைக்கிறது. உங்கள் சுவர்களுக்குள் ஏற்கெனவே ஓடும் கோஆக்சியல் கேபிளை அப்படியே பயன்படுத்தி, அந்த நான்கையும் அதில் இணைக்கலாம். கல்லாவுக்கு ஒன்று, வாசலுக்கு ஒன்று என்று இரண்டு 4 மெகாபிக்சல் ஐபி கேமராக்களை மட்டும் புதிதாகச் சேர்த்து, அவற்றுக்கு மின்சாரமும் தரவும் ஒரே கேபிளில் தரும் ஒரு சிறிய பிஓஇ ஸ்விட்ச் வைத்தால் கடையின் வேலை முடிந்தது. எட்டு சேனல் பெட்டி போதும்.

புதிய இரண்டையும் கல்லாவிலும் வாசலிலும் வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முன்பின் அறியாத ஒருவரை முகம் பார்த்து அடையாளம் காண, காட்சியில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சல்கள் வேண்டும் என்பது கேமரா அமைப்புகளுக்கான சர்வதேசத் தர விதி. 4 மெகாபிக்சல் கேமராவின் படம் 2560 பிக்சல் அகலம் கொண்டது. அதாவது ஏறத்தாழ 10 மீட்டர் அகலம் வரைதான் அது முகத்தை உறுதியாகக் காட்டும். அதைவிடப் பரந்த இடத்தை ஒரே கேமராவில் அடக்கினால், யாரோ நடந்து போனார் என்பது தெரியும், யார் என்பது தெரியாது. கேமரா பிடிக்காத முகத்தை எந்தப் பதிவுக்கருவியாலும் பின்னர் மீட்டுத்தர முடியாது.

இனி ஹார்டு டிஸ்க். நான்கு பழைய கேமராக்கள் நொடிக்கு 2 மெகாபிட், இரண்டு புதியவை எச்.265 என்ற காட்சிச் சுருக்க முறையில் நொடிக்கு 15 ஃப்ரேம் வைத்து 4 மெகாபிட் என்று கொண்டால், மொத்தம் 16 மெகாபிட் ஆகிறது. நாளுக்கு 172.8 ஜிபி, 45 நாட்களுக்கு 7.8 டிபி. 8 டிபி டிஸ்க் ஒன்றில் இது மூச்சுமுட்ட அடங்கும் என்றாலும், நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டு டிஸ்க் போடக்கூடிய பெட்டியை வாங்கி, 6 டிபி டிஸ்க் இரண்டைப் போடுங்கள். ஒன்று செத்தாலும் மற்றொன்றில் பதிவு தொடரும். நாட்கள் குறையுமே தவிர, ஐந்து மாதம் இருட்டாக இருக்காது. ஆனால் இரண்டு டிஸ்க் இருப்பதாலேயே ஒரே காட்சி இரண்டிலும் பதிவாகிறது என்று நினைத்துவிடாதீர்கள். சிறு பெட்டிகள் பெரும்பாலும் ஒன்று நிரம்பியபின் மற்றொன்று என்றுதான் எழுதுகின்றன. பெட்டியின் விவரத்தாளில் ஒரு டிஸ்க்குக்கு அதிகபட்சம் எத்தனை டிபி ஏற்கும் என்ற வரியையும் படித்துவிடுங்கள்; விலை குறைந்த பெட்டிகள் பெரிய டிஸ்க்குகளை ஏற்பதில்லை.

டிஸ்க்கின் வகையை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம், உங்கள் பழைய டிஸ்க் செத்ததற்கான விடையும் அனேகமாக அங்கேதான் இருக்கிறது. கம்ப்யூட்டருக்கென்று விற்கப்படும் சாதாரண டிஸ்க்குகள் பலவும் ஆண்டுக்கு 55 டிபி வரையான வேலைக்கு என்றே வடிவமைக்கப்படுகின்றன; அவை இரவு பகலாகச் சுழல்வதற்கும் உரியவை அல்ல. நான் மேலே சொன்ன கடை அமைப்பு ஆண்டுக்கு 63 டிபி எழுதும். கண்காணிப்புக்கென்றே செய்யப்படும் டபிள்யூடி பர்பிள், சீகேட் ஸ்கைஹாக் போன்றவை ஆண்டுக்கு 180 டிபி வேலையையும் 24 மணி நேர ஓட்டத்தையும் தாங்கும் என்று தயாரிப்பாளர்களே எழுத்தில் உறுதி தருகிறார்கள். பில்லில் 'ஹார்டு டிஸ்க் 6 டிபி' என்று மட்டும் எழுத விடாமல், டிஸ்க்கின் பெயரையும் மாடல் எண்ணையும் எழுதச் சொல்லி வாங்குங்கள். கழற்றி விற்கப்பட்ட பழைய டிஸ்க்குகளைப் புதிய உறையில் போட்டு விற்பதும் சந்தையில் நடக்கிறது. வாங்கிய அன்றே பெட்டியின் மெனுவில் டிஸ்க் நலத்தைக் காட்டும் பக்கத்தைத் திறந்து, எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்ற எண்ணைப் பாருங்கள். புதிய டிஸ்க்கில் அது பூச்சியமாகவோ சில மணி நேரமாகவோ இருக்க வேண்டும்.

இடத்தை மிச்சப்படுத்த, அசைவு இருக்கும்போது மட்டும் பதிவு செய்யும் முறையை உங்கள் டீலர் சொல்லக்கூடும். கடைக்கு அது வேண்டாம். பகலில் ஆட்கள் நடமாட்டம் ஓயாததால் மிச்சம் ஒன்றும் ஆகாது; இரவில் கேமராவின் அகச்சிவப்பு ஒளிக்குப் பூச்சிகள் வந்து மொய்ப்பதாலும், சிலந்தி கண்ணாடியில் வலை பின்னுவதாலும் வீணான அசைவுகள் பதிவாகும். அதைத் தவிர்க்க உணர்திறனைக் குறைத்தால், ஒருநாள் தூரத்தில் மெல்ல நடந்து போகும் ஆள் விடுபட்டுப் போவார். தொடர்ச்சியாகப் பதிவு செய்யுங்கள். அசைவு நடந்த இடங்களைக் காலக்கோட்டில் குறித்துக் காட்டும் வசதியை மட்டும் இயக்கி வையுங்கள். அப்போது பதிவும் முழுமையாக இருக்கும், தேடுவதும் எளிதாகும்.

கிடங்கைக் கடைப் பெட்டியோடு இணையம் வழியாக இணைக்கும் யோசனையை நான் முற்றிலும் மறுக்கிறேன். கிடங்கில் 4 கேமராக்கள் நொடிக்கு 3 மெகாபிட் வீதம் ஓடினால், 12 மெகாபிட் பதிவேற்றம் ஒரு நொடிகூட நிற்காமல் ஓட வேண்டும். மாதத்துக்கு அது 3.9 டிபி. அளவில்லை என்று விற்கப்படும் பிராட்பேண்ட் திட்டங்கள் பலவற்றிலும் மாதத்துக்கு 3.3 டிபி என்ற வரம்பு ஒப்பந்தத்தின் சிறு எழுத்தில் இருக்கிறது. அதைத் தாண்டியதும் வேகம் படுத்துவிடும், அதோடு பதிவும் படுத்துவிடும். வேகம் குறையாவிட்டாலும் ஒரு மழைக்கு, ஒரு தெருத் தோண்டலுக்கு இணையம் போகும். இணையம் போன அந்த மூன்று மணி நேரம் கிடங்கில் பதிவே இருக்காது. கேபிளைத் துண்டிக்கத் தெரிந்த திருடனுக்கு இதைவிட வசதி எதுவும் வேண்டாம். பதிவு எங்கே கேமரா இருக்கிறதோ அங்கேயே நடக்க வேண்டும், இணையம் பார்ப்பதற்கு மட்டுமே இருக்க வேண்டும் என்பதை நான் எந்த வாடிக்கையாளரிடமும் விட்டுக்கொடுத்ததில்லை. எனவே கிடங்குக்குத் தனியாக, பிஓஇ வாய்கள் உள்ளேயே அமைந்த ஒரு சிறிய என்விஆர் வாங்குங்கள். 45 நாட்களுக்கு 5.8 டிபி வேண்டும். 8 டிபி டிஸ்க் போடுங்கள். கேமராவுக்கும் பெட்டிக்கும் இடையே கேபிள் 100 மீட்டருக்குள் இருக்க வேண்டும். கேபிள் முழுச் செம்பால் ஆனதாக இருக்கட்டும். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கேபிள் விலை குறைவு. ஆனால் அதன் மின்தடை கூடுதல் என்பதால், இரவில் அகச்சிவப்பு விளக்குகள் எரியும்போது தூரத்துக் கேமரா மின்சாரம் போதாமல் அணைந்து அணைந்து எழும். பகலில் சோதித்துப் பார்த்து எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர்கள் இரவில் அவதிப்பட்டதைக் கண்டிருக்கிறேன்.

உங்கள் மகன் சொல்வதற்கு வருகிறேன். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. கம்ப்யூட்டரில் இயங்கும் பதிவு மென்பொருள்கள் இன்று பெட்டிகளைவிடப் பல வகையில் மேலானவை. விண்டோஸில் மட்டும் இயங்கும், உரிமம் வாங்கிப் பயன்படுத்த வேண்டிய புளூ ஐரிஸ் 64 கேமராக்கள் வரை தாங்கும். லினக்ஸில் இயங்கும் ஃப்ரிகேட் இலவசமானது, மூல நிரல் திறந்தது. மனிதன், வண்டி, நாய் என்று பிரித்தறிந்து, மனிதன் வந்தால் மட்டும் எச்சரிக்கை அனுப்பும். ஜோன்மைண்டர் நீண்ட காலமாக இருந்துவரும் இன்னொரு இலவச மென்பொருள். சினாலஜி நிறுவனத்தின் நாஸ் எனப்படும் வலையமைப்புச் சேமிப்புப் பெட்டிகளில் இரண்டு கேமராக்களுக்கான உரிமம் உள்ளடங்கியே வருகிறது. அதற்கு மேல் கேமரா ஒன்றுக்கு இவ்வளவு என்று தனியே வாங்க வேண்டும், அந்தச் செலவைக் கணக்கில் கொள்ளாமல் ஏமாந்தவர்கள் உண்டு. இவற்றில் எதை எடுத்தாலும் எந்த நிறுவனத்தின் கேமராவையும் பெரும்பாலும் இணைக்கலாம் என்பதே பெரிய லாபம். இதற்கு வழிசெய்தது ஓன்விஃப் என்ற பொது நெறி. ஆக்சிஸ், போஷ், சோனி ஆகிய மூன்று நிறுவனங்களும் சேர்ந்து 2008-இல் அதைத் தொடங்கின. ஆகவே எந்தக் கேமரா வாங்கினாலும் ஓன்விஃப் ஆதரவு உண்டா என்று கேட்டு வாங்குங்கள். எச்.265 பிளஸ் என்பது போன்ற, ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று செய்துகொண்ட சுருக்க முறைகளை அணைத்துவிட்டு வெறும் எச்.265-ஐ வையுங்கள், இல்லையென்றால் பிற மென்பொருள்களில் காட்சி உடைந்து உடைந்து வரும்.

ஆனாலும் கடைக்கும் கிடங்குக்கும் நான் மென்பொருளைப் பரிந்துரைக்கவில்லை. காரணம் மென்பொருளின் குறை அல்ல, அதைக் கவனிக்க ஆள் அங்கே இல்லை என்பதுதான். செவ்வாய்க்கிழமை இரவு விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொண்டு மறுபடி தொடங்கி, கடவுச்சொல் கேட்கும் திரையில் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மகன் சனிக்கிழமை வரும்வரை அதை யார் சரிசெய்வது? பீப் ஒலித்த பெட்டியை ஐந்து மாதம் யாரும் பார்க்காத ஒரு கடையில், ஒலி எழுப்பாமலே நின்றுவிடக்கூடிய ஒன்றை வைப்பது முறையாகாது. பெட்டியில் மகன் விரும்பும் நுட்பம் குறைவுதான். ஆனால் மின்சாரம் போய் வந்தால் தானே எழுந்து பதிவைத் தொடங்கிவிடும், ஈரோட்டிலேயே அதைச் சரிசெய்ய ஆட்கள் இருக்கிறார்கள்.

வீட்டில் நிலைமை வேறு. அங்கே 3 கேமராக்கள் போதும், பதிவு சில மணி நேரம் தடைபட்டாலும் நஷ்டம் சிறியது, மகனுக்கும் அதில் ஆர்வம் இருக்கிறது. அவர் தாராளமாக வீட்டுக்கு ஃப்ரிகேட்டையோ புளூ ஐரிஸையோ அமைக்கட்டும். பழைய கம்ப்யூட்டரைப் பற்றி மட்டும் இரண்டு செய்திகளை அவரிடம் சொல்லுங்கள். வரும் காட்சியை அப்படியே டிஸ்க்கில் எழுதுவது கம்ப்யூட்டருக்குச் சுமையே அல்ல. அதை விரித்துப் பார்த்து மனிதன் வந்தானா என்று ஆராய்வதுதான் சுமை. ஆகவே கேமரா அனுப்பும் இரண்டு காட்சி ஓடைகளில், ஆராய்வதற்குப் படம் சிறியதாக வரும் துணை ஓடையையும், பதிவுக்கு முழு அளவில் வரும் முதன்மை ஓடையையும் பயன்படுத்த வேண்டும். எச்.265 காட்சியை வன்பொருளிலேயே விரிக்கும் திறன் இன்டெலின் 6-ஆம் தலைமுறை முதல்தான் முழுமையாக இருக்கிறது; அதற்கு முந்தையதென்றால் அந்தக் கம்ப்யூட்டர் வேண்டாம். இரண்டாவது செய்தி மின்சாரம். பழைய மேசைக் கம்ப்யூட்டர் 70 வாட் இழுத்தால், இரண்டு மாதத்தில் 100 யூனிட் ஆகிறது. தமிழக அரசு வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இலவசமாகத் தரும் முழு அளவையும் அது ஒன்றே தின்றுவிடும். இன்டெல் என்100 போன்ற சிறு செயலி கொண்ட கைக்கடக்கமான மினி கம்ப்யூட்டர் இதில் ஐந்தில் ஒரு பங்கு மின்சாரத்தில் மூன்று கேமராக்களைக் கவனித்துவிடும். மூன்று கேமராக்கள் நொடிக்கு 2 மெகாபிட் வீதம் ஓடினால் 2 டிபி டிஸ்க்கில் கிட்டத்தட்ட 30 நாட்கள் வரும்.

வீட்டு மென்பொருளுக்கு நான் தர விரும்பும் முக்கியமான வேலை இன்னொன்று. திருட வருகிறவர்கள் பதிவுப் பெட்டியையே தூக்கிக்கொண்டு போவது புதிதல்ல. நான் பணியாற்றிய ஒரு மருந்துக்கடையில், கல்லாவிலிருந்து எடுத்த பணத்தைவிட மேசைக்கடியில் இருந்த டிவிஆர் போனதுதான் உரிமையாளரை நிலைகுலைய வைத்தது; அங்கே பெட்டியைக் கண்ணில் படும்படி வைக்கச் சம்மதித்தவன் நான் என்பதால், அதன் பிறகு எந்தக் கடையிலும் அப்படி வைத்ததில்லை. உங்கள் பெட்டியைக் கல்லாவுக்குக் கீழே வைக்காமல், காற்றோட்டம் உள்ள, பூட்டக்கூடிய இரும்புக் கூண்டில் மாடியிலோ பின்னறையிலோ வையுங்கள். அதோடு கல்லா, வாசல் ஆகிய இரண்டு கேமராக்களின் துணை ஓடையை மட்டும், நொடிக்கு அரை மெகாபிட் வீதம், வீட்டுக் கம்ப்யூட்டர் எடுத்துப் பதிவு செய்யட்டும். இரண்டுக்கும் சேர்த்து நாளுக்கு 10.8 ஜிபிதான், இணையம் எளிதில் தாங்கும். படம் சிறியதாக இருந்தாலும், பெட்டி போன இரவில் வந்தவர்கள் எத்தனை பேர், எந்நேரம், எந்தப் பக்கம் போனார்கள் என்பது உங்கள் கையில் இருக்கும். 45 நாட்களுக்கு இதற்கு அரை டிபிக்கும் குறைவான இடமே வேண்டும் என்பதால், வீட்டு டிஸ்க்கை 4 டிபியாக வாங்கிவிடுங்கள்.

வெளியிலிருந்து பார்க்கும் வசதியை அமைக்கும்போது, ரவுட்டரில் போர்ட் (இணையத்திலிருந்து உள்ளே வரும் வாயில்) திறந்துவிடுவதை எந்த நிலையிலும் அனுமதிக்காதீர்கள். 2016-இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றாமல் இணையத்தில் திறந்து கிடந்த கேமராக்களையும் டிவிஆர்களையும் இலட்சக்கணக்கில் கைப்பற்றியது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று, இவ்வாறு கைப்பற்றிய கருவிகளைக் கொண்டு நடத்திய தாக்குதலில் அமெரிக்காவின் முக்கிய இணையதளங்கள் பலவும் முடங்கின. 2021-இல் ஹிக்விஷன் கேமராக்கள் பலவற்றில், கடவுச்சொல்லே இல்லாமல் உள்ளே நுழையக்கூடிய ஓட்டை வெளிப்பட்டு, நிறுவனம் கருவிக்குள் இயங்கும் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதிதாக வெளியிட்டது. ஆகவே மகனிடம் வயர்கார்டு அல்லது டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் மென்பொருள் வழியாக, பிறர் நுழைய முடியாத தனி இணைப்பு அமைக்கச் சொல்லுங்கள். வீடும் கடையும் அதற்குள்ளேயே பேசிக்கொள்ளட்டும். பெட்டியின் அட்மின் கடவுச்சொல்லை டீலரே வைத்துக்கொண்டு, எல்லா வாடிக்கையாளருக்கும் ஒன்றையே போடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அதை உங்கள் முன்னிலையில் மாற்றச் சொல்லி, எழுதி உறையிலிட்டுப் பெட்டகத்தில் வையுங்கள். புதிய கேமராக்கள் வாங்கும்போது, மத்திய அரசின் எஸ்டிக்யூசி அமைப்பு நடத்தும் பாதுகாப்புச் சோதனையில் தேறிய மாடலா என்று கேளுங்கள். இந்தியாவில் சிசிடிவி கேமராக்களுக்கு 2025 ஏப்ரல் முதல் அந்தச் சோதனை கட்டாயமாகியிருக்கிறது.

காட்சி கிடைத்தபின் அதை என்ன செய்வது என்பதையும் பெட்டி வாங்கும்போதே யோசிக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதிநியமம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவின்படி, மின்னணுப் பதிவின் நகலைச் சாட்சியமாக முன்வைக்கும்போது அதற்குரிய சான்றிதழும் உடன் இருக்க வேண்டும். அதன் முதல் பகுதியைக் கருவியின் பொறுப்பாளரான நீங்களும், இரண்டாம் பகுதியை ஒரு நிபுணரும் நிரப்ப வேண்டும்; கோப்பு பின்னர் மாற்றப்படவில்லை என்று காட்ட உதவும் எண்ணான அதன் ஹாஷ் மதிப்பும் அதில் குறிக்கப்பட வேண்டும். முன்பிருந்த சட்டத்தின் 65பி பிரிவிலும் இத்தகைய சான்றிதழ் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் தீர்த்துச் சொல்லியிருந்தது. திரையில் ஓடும் காட்சியைக் கைப்பேசியால் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பியது இதற்கு ஈடாகாது. பெட்டியிலிருந்து மூல வடிவிலேயே பென்டிரைவில் எடுங்கள்; சம்பவத்துக்கு முன்னும் பின்னும் அரை மணி நேரம் சேர்த்து எடுங்கள்; எடுத்த அன்றே ஹாஷ் மதிப்பைக் கணக்கிட்டு எழுதி வையுங்கள். காவல்துறையினர் பெட்டியையே கைப்பற்ற நேரிட்டால், அதற்கு முன்பு உங்களுக்கென்று ஒரு நகல் எடுத்துவைத்துக்கொள்ள அனுமதி கேளுங்கள்.

இதில் பலரும் கோட்டைவிடுவது நேரத்தில். பெட்டிக்குள் இருக்கும் சிறு பேட்டரி தீர்ந்துவிட்டால், மின்சாரம் போய் வரும் ஒவ்வொரு முறையும் தேதி பின்னோக்கி ஓடிவிடும். திருடு நடந்தது மாலை 6 மணி என்று சாட்சி சொல்லும்போது காட்சியில் அதிகாலை 3 மணி என்று இருந்தால், அதை விளக்கியே பாதி வழக்கு போய்விடும். மூன்று இடங்களின் கருவிகளும் இணையத்திலிருந்து நேரத்தைத் தானே சரிசெய்துகொள்ளும்படி அமையுங்கள்; இந்தியாவின் தேசிய இயற்பியல் ஆய்வகம் இதற்கென ஒரு பொதுச் சேவையகம் வைத்திருக்கிறது. கேமராக்களுக்குத் தனித்தனியே நேரம் வைக்காமல், அவை பெட்டியிலிருந்தே நேரத்தைப் பெறட்டும்.

யுபிஎஸ் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெட்டி, பிஓஇ ஸ்விட்ச், பழைய கேமராக்களுக்கு மின்சாரம் தரும் பெட்டி, ரவுட்டர் ஆகிய நான்கும் ஒரே யுபிஎஸ்ஸில் இருக்க வேண்டும். பெட்டியை மட்டும் அதில் செருகிவிட்டுக் கேமராக்களை மறந்துவிடுவது வழக்கமான பிழை.

ஜவுளிக் கடை என்பதால் இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். உடை மாற்றும் அறையின் பக்கம் எந்தக் கேமராவும் திரும்பியிருக்கக் கூடாது. கதவு திறக்கும்போது உள்ளே தெரியும் கோணமும் கூடாது. பெண்களை அத்தகைய நிலையில் படமெடுப்பது பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 77-ஆவது பிரிவின்கீழ் குற்றம். பொருத்திய அன்றே நீங்கள் அந்த அறைக்குள் நின்று, இன்னொருவரைத் திரையைப் பார்க்கச் சொல்லிச் சோதியுங்கள். கேமரா இருப்பதை ஊழியர்களுக்குச் சொல்லி, வாசலில் தமிழில் அறிவிப்புப் பலகை வையுங்கள். வீட்டுக் கேமராவில் பக்கத்து வீட்டு வாசல் விழுந்தால், அந்தப் பகுதியை மறைக்கும் வசதி எல்லா மென்பொருளிலும் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

டீலருக்குப் பணம் கொடுக்கும் முறையையும் மாற்றிக்கொள்ளுங்கள். வேலை முடிந்த அன்று நேரலையைக் காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார்கள். பத்தில் ஒரு பங்குத் தொகையை நிறுத்திவைத்து, இரண்டு வாரம் கழித்து அவரை வரச் சொல்லுங்கள். வந்ததும், பத்து நாட்களுக்கு முந்தைய ஓர் இரவில் 2 மணிக் காட்சியை ஒவ்வொரு கேமராவிலும் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பிறகு அதில் பத்து நிமிடத்தைப் பென்டிரைவில் எடுத்து, வேறொரு கம்ப்யூட்டரில் ஓடுகிறதா என்று பாருங்கள். அடுத்ததாக, அவர் முன்னிலையிலேயே மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டு, பதிவு தானே தொடங்குகிறதா, தேதி சரியாக இருக்கிறதா என்று சோதியுங்கள். டிஸ்க் பழுதானால் பெட்டி ஒலி எழுப்புவதோடு, உங்கள் கைப்பேசிக்கும் மகனின் கைப்பேசிக்கும் அறிவிப்பு வரும்படி அமைக்கச் சொல்லுங்கள். அந்த ஒலியை உங்கள் அனுமதியின்றி யாரும் நிறுத்தக் கூடாது என்று கடைப் பையனிடமும் எலக்ட்ரீஷியனிடமும் இன்றே சொல்லிவிடுங்கள். திங்கட்கிழமைதோறும் கடை திறந்ததும், முந்தைய வாரத்தின் ஏதாவது ஒரு நாளைத் திறந்து பார்த்து, பார்த்த தேதியைக் கணக்குப் புத்தகத்தின் ஓரத்தில் எழுதும் பொறுப்பை அந்தப் பையனுக்கே கொடுங்கள். பெட்டி ஒலித்ததை ஐந்து மாதம் கழித்தும் நினைவில் வைத்திருந்தவன் அவன்தான். முறையாகச் சொல்லிக்கொடுத்தால் இந்த வேலையையும் அவன் சரியாகச் செய்வான்.